குரோஷே வட்ட விரிப்பு கிண்ணம்போல் குவிகிறது: வழி சொல்லுங்கள்

நோயுற்ற அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் இந்நாட்களில், அவர் உறங்கிய பின் குரோஷே (கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை) பின்னுவதே எனக்குப் பிடிமானமாக இருக்கிறது. ஆனால் பின்னிக்கொண்டிருக்கும் வட்ட விரிப்பு, எட்டாம் சுற்றிலிருந்து தட்டையாக நில்லாமல் மேல்நோக்கிக் குவிகிறது. பருத்தி நூல், 4 மி.மீ. கொக்கி ஊசி, ஒற்றைக் குரோஷே என்னும் அடிப்படைப் பின்னல்; 6 கண்ணிகளில் தொடங்கி, சுற்றுக்கு 6 கண்ணிகள் கூட்டுகிறேன். எண்ணிப் பார்த்ததில் கணக்கு சரியாகவே இருக்கிறது. கூட்டும் இடங்களை மாற்றியமைத்ததில் அறுகோணச் சாயல் மறைந்ததே தவிர, குவிவு குறையவில்லை. நனைத்து, விரித்து, குண்டூசி குத்திக் காயவைத்தாலும் மறுநாளே பழையபடி எழும்புகிறது. கவலை மிகுந்த இரவுகளில் கை இறுகிவிடுகிறதோ என்ற ஐயமும் உண்டு (முதல் ஏழு சுற்றுகள் பகலில் பின்னியவை). ஏழாம் சுற்று வரை பிரித்துவிட்டு 5 மி.மீ. ஊசிக்கு மாறுவதா, அதே ஊசியில் சுற்றுக்கு 7 கண்ணிகள் கூட்டுவதா, எது விரிப்பைத் தட்டையாக்கும்?