மறு: ஸாம்பி – நடைபிணமா, வேதாளமா?

அன்பர்களே, ‘ஸாம்பி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் கலைச்சொல் கோப்பில் தமிழ் தேடுகிறோம். ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஸாம்பிக்கு நடைபிணம் என்றே வைத்துவிடலாம், எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

பொருந்தாது என்பது என் கட்சி. மகன் போனபிறகு மனுஷன் நடைபிணமாகிவிட்டார் என்று சொல்லும்போது அதில் இரக்கம் இருக்கிறது. யூனிக்ஸ் எனும் கணினி இயங்குதளத்தில் ஸாம்பி என்று சொல்லப்படும் செயலைப் பார்த்து இரங்க ஒன்றுமில்லை. அது நடப்பதும் இல்லை.

நமக்கு அவசரமாகச் சொல் தேவைப்படுவதும் அதற்குத்தான். ஒரு செயல், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், இன்னொன்றைத் தொடங்கிவைத்தால் முதலாவது தாய்ச்செயல், மற்றது சேய்ச்செயல். சேய்ச்செயல் வேலையை முடித்து, நினைவகத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் அதன் எண்ணும், எப்படி முடிந்தது என்ற குறிப்பும் செயல் பட்டியலிலேயே கிடக்கின்றன. தாய்ச்செயல் ‘வெயிட்’ அழைப்பின் மூலம் அந்தக் குறிப்பை வாங்கிக்கொண்டால்தான் வரி நீங்கும். அதுவரை, செயல்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ கட்டளையில் நிலைக்கு நேரே ‘இசட்’ என்று நிற்கும். செயலைக் கட்டாயமாக நிறுத்தும் ‘கில் 9’ கட்டளை அடித்தாலும் பலனில்லை, செத்ததை எப்படிச் சாகடிப்பது? ஒன்றிரண்டு கிடந்தால் பாதகமில்லை. ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டால் புதிய செயல் தொடங்க எண் கிடைக்காமல் போகலாம்.

இதற்கு ‘எச்சச்செயல்’ என்று முன்மொழிகிறேன். எச்சம் என்றால் மிச்சம். பிள்ளை என்றும் பொருள் உண்டு. ‘எச்சத்தாற் காணப்படும்’ என்ற குறளுக்குப் பரிமேலழகர் அப்படித்தான் உரை சொல்கிறார். இங்கே மிஞ்சிக் கிடப்பதும் பிள்ளைதான். பறவை எச்சம் ஞாபகம் வருமே என்று யாராவது கிளம்புவீர்கள். வரட்டும், இரண்டையும் துடைக்கத்தானே வேண்டும்.

வேதாளம் வேண்டாம். அது பிணத்துக்குள் புகுந்தாலும் கதை சொல்லி, கேள்வி கேட்டு விக்கிரமாதித்தனையே மடக்குகிறது. அவ்வளவு புத்தி ஸாம்பிக்கு ஏது?

அடுத்து, தாக்குதல்காரர்கள் தொலைவிலிருந்து ஆட்டிவைக்கும் கணினிகள். அவற்றையும் ஸாம்பி என்கிறார்கள். இங்கே கரீபிய நாடான ஹைத்தியில் ஸாம்பிக்கு இருந்த பழைய பொருள் அச்சாகப் பொருந்துகிறது. அங்குள்ள நம்பிக்கையில் ஸாம்பி யாரையும் கடிப்பதில்லை. ‘போக்கோர்’ எனும் மந்திரவாதி பிணத்தை எழுப்பித் தனக்கு வேலைசெய்ய வைப்பான், அவ்வளவுதான். கரும்புத் தோட்ட அடிமைகளாக இருந்த மக்களுக்கு, செத்தும் விடுதலை இல்லை என்பதைவிடப் பெரிய பயம் என்ன இருக்க முடியும்? மனிதக்கறி தின்னும் பழக்கமெல்லாம் 1968இல் வந்த ஓர் அமெரிக்கப் படம் பரப்பியது. ஆகவே பிறர் இழுப்புக்கு ஆடும் கணினி ‘பாவைக்கணினி’. ‘மரப்பாவை நாணால் உயிர்மருட்டி அற்று’ என்று வள்ளுவர் கயிறு கட்டியே கொடுத்திருக்கிறார்.

அதே குறள் தத்துவத்துக்கும் உதவும். தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் 1996இல் விரிவாக வாதிட்ட கற்பனை ஸாம்பி, நம்மைப்போலவே பேசும், குத்தினால் ‘ஆ’ என்று கத்தும். உள்ளே வலி மட்டும் இருக்காது. உயிர் உள்ளதுபோல் மயக்குவது என்ற பொருளில் ‘உயிர்மருட்டி’ என்று அப்படியே எடுத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அதற்கு உயிர் இருக்கிறது, உள்ளுணர்வுதான் இல்லை. எனவே ‘உணர்வுமருட்டி’.

லாபம் வட்டிக்கே போதாமல், வங்கி தயவில் ஓடும் நிறுவனத்தையும் ஸாம்பி என்பார்கள். அதற்கு நடைபிணத்தைத் தாராளமாகக் கொடுத்துவிடலாம். 1990களில் ஜப்பானில் பல நிறுவனங்கள் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தன. திரைப்பட ஸாம்பி ஸாம்பியாகவே இருக்கட்டும், குழந்தைகளுக்கே தெரிந்த சொல்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: ‘அநாதைச்செயல்’ வேறு. அதில் தாய் முடிந்திருக்கும், சேய் ஓடிக்கொண்டிருக்கும். எச்சச்செயலில் சேய் முடிந்திருக்கும், தாய் கண்டுகொள்ளாமல் ஓடிக்கொண்டிருக்கும். கலைச்சொல் கோப்பில் இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிடாதீர்கள்.