லிப்ரே ஆபிஸ் வழு அறிக்கை ஐந்து மாதமாக 'நீட்இன்ஃபோ' நிலையிலேயே நிற்கிறது: நான் செய்ய வேண்டியது என்ன?

கேள்வி: காலாண்டிதழ் தொகுப்பாளர்

வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் காலாண்டிதழை, லிப்ரே ஆபிஸின் ஆவணம் எழுதும் மென்பொருளான ரைட்டரில் வடிவமைத்து வருகிறேன். பழைய இதழ்களிலிருந்து மறுபதிப்புக்காக எடுத்த கட்டுரைகளில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு வரும் இடங்களிலெல்லாம் கொம்பு தனியே பிரிந்து, அதன் அருகில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தோன்றுகிறது. 'கொடி' என்று வர வேண்டிய இடத்தில் முதலில் கொம்பும் வட்டமும், பிறகு 'காடி'யும் நிற்கின்றன.

இதை, லிப்ரே ஆபிஸின் நிரல் பிழைகளைப் பதியும் தளமான பக்சில்லாவில் வழுவாகப் பதிந்தேன். இதழ் அச்சுக்குப் போக வேண்டியிருந்ததால் தீவிரத்தை 'கிரிட்டிக்கல்' என்றும் முன்னுரிமையை 'ஹையஸ்ட்' என்றும் குறித்தேன். இரண்டே நாளில் ஒருவர் அவற்றை 'நார்மல்', 'மீடியம்' என்று மாற்றிவிட்டார். மாதிரிக் கோப்பு ஒன்றை இணைக்கச் சொல்லி நிலையையும் 'நீட்இன்ஃபோ' ஆக்கினார். அந்த வாரமே கோப்பை இணைத்துவிட்டேன். பின்னர் 24.8 பதிப்பிலிருந்து 25.2க்கு மாறியபோது பதிப்புப் புலத்தையும் 25.2 என்று திருத்தினேன். அதை யாரோ மீண்டும் 24.8 ஆக்கிவிட்டார்கள். 'பிளாக்ஸ்' என்ற புலத்தில் வேறொரு வழுவின் எண் சேர்க்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், என் அறிக்கை வேறு யாருடைய வேலையையோ தடுக்கிறதோ என்ற கவலையும் வருகிறது. ஐந்து மாதங்களாக அசைவே இல்லை. நான் ஏதேனும் தவறு செய்துவிட்டேனா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பதில்: வழு வகைப்படுத்தும் தன்னார்வலர்

வணக்கம் அம்மா. உங்கள் அறிக்கையை யாரும் ஒதுக்கவில்லை. அது தவறான வரிசையில் காத்திருக்கிறது. 'நீட்இன்ஃபோ' என்றால் 'அறிக்கை தந்தவரிடமிருந்து தகவல் வர வேண்டியுள்ளது' என்று பொருள். கோப்பை இணைத்ததும் நிலையை நீங்களே 'அன்கன்ஃபர்ம்டு' (இன்னும் உறுதிப்படாதது) என்று திருப்பியிருக்க வேண்டும். பக்சில்லா அதைத் தானாக மாற்றாது. என்னைப் போன்றவர்கள் காலையில் உட்கார்ந்தவுடன் தேடுவது அன்கன்ஃபர்ம்டு பட்டியலைத்தான். அதில் இல்லாத அறிக்கை எங்கள் கண்ணில் படுவதே இல்லை. இன்றே மாற்றிவிடுங்கள். ஆறு மாதம் அப்படியே கிடந்தால் நினைவூட்டல் ஒன்று வரும். அதன் பிறகு ஒரு மாதத்துக்குள்ளும் பதில் இல்லையென்றால், போதிய தகவல் இல்லை என்று சொல்லி அறிக்கையை மூடிவிடுவார்கள்.

நிலைப் புலத்தைப் படிக்கும்போது, இப்போது யாருடைய முறை என்பதையே பார்க்க வேண்டும். அன்கன்ஃபர்ம்டு என்றால் சோதிப்பவர்களின் முறை. பதிந்தவர் அல்லாத வேறொருவர் தம் கணினியில் அதே பிழையை வரவழைத்துப் பார்த்த பிறகே அது 'நியூ' ஆகும். ஆகவே நம் அறிக்கையை நாமே நியூ ஆக்குவது முறையன்று. 'நியூ' என்ற சொல் புதிதாக வந்தது என்று எண்ண வைக்கும், ஆனால் அங்கே அதன் பொருள் 'உறுதியானது' என்பதுதான். பத்தாண்டு கடந்தும் நியூ நிலையில் இருக்கும் வழுக்கள் உண்டு. நிரலாளர் ஒருவர் பொறுப்பேற்றால் 'அசைண்டு', திருத்தம் நிரலில் சேர்ந்துவிட்டால் 'ரிசால்வ்டு ஃபிக்ஸ்டு'.

தீவிரத்தைக் குறைத்ததை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிரிட்டிக்கல் என்பது நிரல் முடங்குவது, எழுதியது அழிந்துபோவது போன்றவற்றுக்கானது. அச்சுக்கு நாள் குறித்துவிட்டவருக்குத் தம் பிழை எவ்வளவு பெரிது என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் ஒருமுறை பதிந்தேன். ஆனால் உலகெங்கிலும் இருந்து வருபவர்கள் எல்லாரும் தத்தம் அவசரத்தை அந்தப் புலத்தில் எழுதினால், கோப்பையே அழிக்கும் வழுவைத் தேடி எடுக்க வழியில்லாமல் போகும். முன்னுரிமையை, தரத்தைச் சோதிக்கும் குழுவிடம் விட்டுவிடுவதே நல்லது. உங்கள் அவசரத்தையும் அதன் காரணத்தையும் கருத்துரையில் எழுதுங்கள், அதைப் படிப்பார்கள். எந்தப் புலத்தை யார், எப்போது மாற்றினார்கள் என்பதை 'ஹிஸ்டரி' பக்கத்தில் பார்க்கலாம்.

பதிப்புப் புலத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். அங்கே இருக்க வேண்டியது பிழை தென்பட்டவற்றில் மிகப் பழைய பதிப்பு. அதைப் புதிய பதிப்பாக மாற்றினால், பிழை அந்தப் பதிப்பில்தான் முளைத்தது என்று படிப்பவர் நினைத்துவிடுவார். 25.2இலும் பிழை இருக்கிறது என்பதைக் கருத்துரையாகச் சேர்த்தால் போதும். ஓபன் ஆபிஸ் காலத்திலிருந்தே தொடர்ந்து வரும் வழுக்களுக்காக, அதிலிருந்து வழிவந்தது என்று குறிக்கவே அந்தப் புலத்தில் தனி மதிப்பு ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

'பிளாக்ஸ்' புலத்தில் உள்ள எண் 'மெட்டா வழு'வினுடையது. அது தனிப் பிழை அன்று. ஒரே பொருளைச் சேர்ந்த வழுக்களைக் கோத்து வைக்கும் நூல். நம் எழுத்து போன்ற சிக்கலான எழுத்துவடிவங்களுக்கென்று ஒரு மெட்டா வழு உண்டு. உங்கள் அறிக்கையை யாரோ அக்கறையோடு அதில் சேர்த்திருக்கிறார்கள்.

இனி, பிழையைப் பற்றி ஓர் ஐயம். புதிய ஆவணம் ஒன்றில் அதே எழுத்துருவில் 'கொடி' என்று நீங்களே தட்டச்சிட்டுப் பாருங்கள். பிறகு பழைய கட்டுரையில் கர்சரை அந்த எழுத்துக்குப் பின்னால் வைத்து ஆல்ட் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்துங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறையில் அந்த எழுத்தின் குறியெண் வெளிப்படும். மீண்டும் அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும். இரண்டு ஆவணங்களிலும் என்ன வருகிறது என்று இங்கே எழுதுங்கள்.

காலாண்டிதழ் தொகுப்பாளர்

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி ஐயா. நிலையை அன்கன்ஃபர்ம்டு ஆக்கிவிட்டேன். நான் தட்டச்சிட்ட 'கொடி' சரியாகவே வருகிறது. பழைய கட்டுரையில் ஒவ்வொரு குறியாகப் பார்த்தேன். ஒற்றைக்கொம்பின் 0பிசி6 முதலிலும், ககரத்தின் 0பி95 அதன் பின்னும், துணைக்காலின் 0பிபிஇ கடைசியிலும் இருக்கின்றன. இந்தக் கட்டுரைகளெல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடிக்கப்பட்டு, இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றி வழியாக வந்தவை.

பதில்: வழு வகைப்படுத்தும் தன்னார்வலர்

காரணம் அதுதான் அம்மா. யூனிகோடில் மெய் முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் இருக்க வேண்டும். கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வரைவது காட்சிப்படுத்தும் நிரலின் வேலை. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தார்கள். உங்களுக்குக் கிடைத்த மாற்றி வரிசையை மாற்றாமல் குறியெண்களை மட்டும் மாற்றியிருக்கிறது. லிப்ரே ஆபிஸ் 5.3 முதல் எல்லா இயங்குதளங்களிலும் எழுத்துகளைக் கோப்பதற்கு ஹார்ஃப்பஸ் நூலகத்தையே பயன்படுத்துகிறது. தாங்கும் மெய் இல்லாமல் ஒரு கொம்பு வந்தால் அது புள்ளி வட்டத்தை வரைந்து காட்டும். பயர்பாக்சிலும் அதே நூலகம் இருப்பதால், அந்தப் பத்தியை அங்கே ஒட்டினாலும் வட்டம் வரும்.

ஆகவே அறிக்கையை 'ரிசால்வ்டு நாட்டபக்' என்று மூடுவது பொருந்தும். ரைட்டர் சரியாகத்தான் நடந்துகொள்கிறது என்று அதற்குப் பொருள். எழுத்துருவிலோ இயங்குதளத்திலோ உள்ள வழுவாக இருந்தால் 'நாட்டவர்பக்' என்பார்கள். கட்டுரைகளைத் திருத்த, தேடி மாற்றும் வசதியில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்துகளின் அமைப்பை வைத்துத் தேடும் முறையை) இயக்கி, கொம்பையும் அடுத்து வரும் மெய்யையும் இடம் மாற்றுங்கள். மாற்றி வழியாக வந்த கட்டுரைகளில் மட்டும், ஒரே ஒரு முறை செய்யுங்கள். சரியாக அடித்த 'செலவு' போன்ற சொல்லில் இதைச் செய்தால் கொம்பு லகரத்துக்குத் தாவிவிடும்.

கேள்வி: கணக்கியல் ஆசிரியர்

இடையில் ஒரு துணைக்கேள்வி. முந்தைய பதிப்பில் சரியாக இருந்து புதிய பதிப்பில் மட்டும் வரும் பிழையை எப்படிப் பதிவது?

பதில்: வழு வகைப்படுத்தும் தன்னார்வலர்

சரியாக இருந்த கடைசிப் பதிப்பு எது, பிழை தெரிந்த முதல் பதிப்பு எது என்ற இரண்டையும் எழுதுங்கள். முன்பு சரியாக இருந்தது உறுதியானால் 'ரெக்ரஷன்' என்ற குறிச்சொல்லைச் சேர்ப்பார்கள். லிப்ரே ஆபிஸில் இதற்கு அருமையான வழி இருக்கிறது. அடுத்தடுத்த மாற்றங்களுக்குப் பிறகான நிரல்களை முன்கூட்டியே தொகுத்து ஒரே கிட் களஞ்சியத்தில் (மாற்றங்களை வரிசையாகச் சேமிக்கும் கிடங்கில்) வைத்திருக்கிறார்கள். நடுவில் உள்ளதைத் திறந்து பார்த்து, பிழை இருக்கும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் பாதியாக்கினால், 1024 தொகுப்புகளிலும் பத்தே சோதனையில் குற்றவாளி மாற்றம் பிடிபடும். இதற்கு 'பைபைசெக்ட்' என்று பெயர். நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யலாம். செய்யும்படி கேட்பதற்கும், செய்து முடித்ததற்கும் தனித்தனிக் குறிச்சொற்கள் உண்டு. அந்த மாற்றத்தை எழுதியவரையும் அறிக்கையில் சேர்த்துவிட்டால், தொடங்க வேண்டிய இடம் அவருக்கு உடனே புரியும்.

காலாண்டிதழ் தொகுப்பாளர்

சோதனைக் குழுவினர் ஒருவர் நேற்றே பார்த்து, தாமும் அதே குறியெண் வரிசையைக் கண்டதாக எழுதி, நாட்டபக் என்று மூடிவிட்டார். பதினோரு கட்டுரைகளையும் திருத்திவிட்டேன். இதழ் அச்சுக்குப் போகிறது. மூடிய அறிக்கையை நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டுமா?

பதில்: வழு வகைப்படுத்தும் தன்னார்வலர்

வேண்டாம் அம்மா, அது அங்கேயே இருக்கட்டும். தலைப்பில் மட்டும் 'மாற்றி வழியாக வந்த தமிழ் உரையில் புள்ளி வட்டம்' என்ற விவரத்தை ஆங்கிலத்தில் சேர்த்துவிடுங்கள். இதே வட்டத்தைப் பார்த்து வேறொருவர் பதிய வரும்போது தேடலில் உங்கள் அறிக்கை கிடைக்கும்.