8 வயதுப் பையனின் ஃபைல் வந்திருக்கிறது. ஏஜென்சியிடம் என்ன கேட்க வேண்டும்?

காத்திருப்பு எழுதியது:
வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்க ஹோம் ஸ்டடி (எங்கள் வீட்டையும் எங்களையும் பார்த்துத் தகுதி சொல்லும் ஆய்வு) முடித்துவிட்டோம். கைக்குழந்தை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தோம். போன வாரம், காத்திருக்கும் குழந்தைகள் பட்டியலிலிருந்து 8 வயதுப் பையனின் ஃபைலை ஏஜென்சி அனுப்பியது. 3 பக்கம், 4 போட்டோ, 40 விநாடி வீடியோ. "எல்லோரிடமும் உடனே ஒட்டிக்கொள்வான்" என்று போட்டிருக்கிறது. ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. இரண்டு வயது தாண்டினால் பாசம் ஒட்டாது என்கிறார்கள் உறவினர்கள். இரண்டு வாரத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

மழைமகள் எழுதியது:
எங்கள் மகன் ஏழரை வயதில் வந்தான். இப்போது 16.

அந்த "ஒட்டிக்கொள்வான்" வரியைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். காப்பகத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால், யார் வந்தாலும் கையைப் பிடித்துக்கொள்ளப் பிள்ளைகள் பழகிவிடுவார்கள். அடிபட்டால் அவன் யாரைத் தேடி ஓடுவான் என்று கேளுங்கள். எந்த வயதில் காப்பகத்துக்கு வந்தான், அதற்கு முன் யாரிடம் இருந்தான்?

உறவினர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ருமேனியாவில் புக்கரெஸ்ட் நகரக் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், சீக்கிரம் குடும்பத்துக்குப் போனவர்களே அதிகம் தேறினார்கள். ஆனால் அவர்கள் கைக்குழந்தையிலேயே காப்பகத்துக்கு வந்தவர்கள். உங்கள் பையன் ஐந்து வயது வரை ஒரு பாட்டி மடியில் வளர்ந்தவனாகக்கூட இருக்கலாம். அப்படியென்றால் கதையே வேறு.

எங்களைத் தடுமாற வைத்தது பேச்சுதான். அவன் மொழியில் இருபது வார்த்தை படித்துக்கொண்டு போனோம்: வா, சாப்பிடு, அழகு, இப்படி. இரண்டாம் மாதம், நாலு நாள் சாப்பாட்டைத் தள்ளிவிட்டான். பிடிவாதம் என்று நினைத்தோம். கொஞ்சினோம், அதட்டவும் செய்தோம். ஐந்தாம் நாள் காலை, பல் தேய்க்கும்போது வாஷ்பேசின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். சத்தமே இல்லை, கண்ணில் தண்ணீர் மட்டும். வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப்பல் சொத்தை, ஈறு வீங்கிக் கிடக்கிறது. "வலி" என்ற வார்த்தையை நாங்கள் படித்துக்கொண்டு போகவில்லை. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

வலி, பயம், வேண்டாம், "நாளைக்கும் நீ இங்கேதான்". இவற்றை முதலில் படியுங்கள். இந்த வயதில் தாய்மொழி சில மாதங்களிலேயே நழுவத் தொடங்கிவிடும்; புதுமொழி அதற்குள் முழுசாக வந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் "மந்தம்" என்று முத்திரை குத்துவது அந்த நேரத்தில்தான். விடாமல் எதிர்த்துப் பேசுங்கள்.

ஒன்பதில்_வந்தவள் எழுதியது:
அக்கா, நான் ஒன்பது வயதில் தத்துப் போனவள். போகச் சம்மதமா என்று கேட்டார்கள், தலையாட்டினேன். ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வருவோம் என்றுதான் நினைத்தேன். தம்பி வேறு கட்டிடத்தில் இருந்தான். அவனைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

குழந்தைக்கு விஷயத்தை விளக்கிச் சொல்லி, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதன் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்று, நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993 ஹேக் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அவனிடம் யார் சொன்னார்கள், எந்த மொழியில் சொன்னார்கள், கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பெயரையும் தயவுசெய்து மாற்றாதீர்கள்.

இருவரின்_அப்பா எழுதியது:
ஃபைலை, தத்துக் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பிறந்த தேதி உத்தேசமாகப் போட்டதாக இருக்கலாம். தடுப்பூசி அட்டையையும் அப்படியே நம்ப முடியாது. வந்ததும் ரத்தப் பரிசோதனை, காசநோய், ஹெபடைடிஸ் பி எல்லாம் புதிதாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. 2024-ல் சீனா வெளிநாட்டுத் தத்தை நிறுத்தியபோது, குடும்பம் முடிவாகி வருஷக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகளும் அங்கேயே நின்றுவிட்டார்கள். பயணம் உறுதியாகும் வரை "வருகிறோம்" என்று அவனுக்குச் சொல்லி அனுப்பாதீர்கள்.

காத்திருப்பு எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. திரும்ப ஃபைலை எடுத்துப் பார்த்தேன். "உடன்பிறந்தோர்" என்ற இடத்தில் "இல்லை" என்று போடவில்லை. வெறுமனே விட்டிருக்கிறார்கள். இத்தனை நாள் அது என் கண்ணில் படவே இல்லை. இன்று காலை முதல் வேலையாக அதைத்தான் எழுதிக் கேட்டேன்.