ஆர்.டி.இ.யில் (கல்வி உரிமைச் சட்டம்) எல்.கே.ஜி.: ஆதாரில் சொந்த ஊர் முகவரி, சீட் கிடைக்குமா?

திருப்பூர்வாசி:
பனியன் கம்பெனி வேலை, வாடகை வீடு. ஆதார்ல இன்னும் சொந்த ஊர் முகவரிதான். பையனுக்கு ஜூன்ல 3 வயசு முடியுது. தனியார் பள்ளில இந்தச் சட்டப்படி கட்டணமில்லாம ஒதுக்குற 25 சதவீத இடத்துக்கு மனு போடலாமா?

செல்வி:
வயசு சரிதான், ஜூலை 31-க்குள்ள 3 முடியணும். சிக்கல் முகவரிதான் சகோ. பள்ளி வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும், அதை முகவரிச் சான்றை வச்சுத்தான் பார்ப்பாங்க. ஆதாரை இப்பவே மாத்துங்க. அறிவிப்பு வந்தப்புறம் ஓடினா நேரம் பத்தாது.

முத்து:
நலிவடைந்த பிரிவுன்னா ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள்ள இருக்கணும். அதுக்கான வருமானச் சான்றுக்கு இ-சேவைல பதிஞ்ச மனு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) தாண்டித்தான் துணை தாசில்தாருக்குப் போகும். வி.ஏ.ஓ. கட்டத்துலயே தூங்கினா ரசீதோட நேர்ல போய்ப் பாருங்க. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி.ன்னா இந்த அலைச்சலே வேண்டாம். "வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு"ல போடுங்க, சாதிச் சான்று போதும். பலர் இதைத் தெரியாம வருமானச் சான்றுக்கே அலையுறாங்க. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு இல்ல.

செல்வி:
மனு அதிகமானா குலுக்கல். சீட் கிடைச்சாலும் வேன் காசு உங்க கைல இருந்துதான். அதுவரைக்கும் அங்கன்வாடில சேர்த்துடுங்க, மதியச் சாப்பாடு உண்டு. ஆனா ஷிப்ட் முடியுற வரைக்கும் பிள்ளையை வச்சிருக்க மாட்டாங்க, கூட்டிட்டு வர ஆள் வேணும்.