கை எம்பிராய்டரி: வளையத்தைக் கழற்றியவுடன் துணி சுருங்குவது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாதங்களாக நானாகவே கை எம்பிராய்டரி பழகி வருகிறேன். ஓட்டுத் தையலும் சங்கிலித் தையலும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. ஆனால் இதழ்களை நிரப்புவதற்குச் சாட்டின் தையல், அதாவது இடைவெளியின்றி அருகருகே நீட்டிப் போடும் தையல், போடத் தொடங்கியதிலிருந்து மனம் சோர்ந்துபோகிறது. வளையத்தில் இருக்கும்வரை சமமாகத் தெரியும் துணி, கழற்றியவுடன் இதழைச் சுற்றிச் சுருங்கிவிடுகிறது. இதழின் ஓரமோ ரம்பப் பல் போல ஏறி இறங்குகிறது. பத்துத் தையலுக்கு ஒருமுறை நூல் முறுக்கிக்கொண்டு பின்புறத்தில் சிக்கு விழுகிறது. பழைய பனியன் துணியில்தான் பழகுகிறேன். அடிக்கடி ஊசி கோக்க வேண்டாமே என்று, ஆறு பிரிகள், அதாவது ஆறு மெல்லிய இழைகள், சேர்ந்த நூலை அப்படியே இரு கைகளையும் விரித்த நீளத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1

உங்கள் கையில் தவறில்லை. துணியிலும் நூல் நீளத்திலும்தான் இருக்கிறது. பனியன் துணி பின்னப்பட்ட துணி என்பதால் வளையத்தில் இழுத்து மாட்டும்போது விரிந்துகொடுக்கிறது. விரிந்த நிலையில் நீங்கள் தையலிட்டபின் கழற்றினால் துணி பழைய அளவுக்குத் திரும்ப முயல்கிறது, தையலோ விடுவதில்லை. நெருக்கமாக நெய்த சாதாரணப் பருத்தித் துணிக்கு மாறுங்கள். அதையும் முதலில் ஒருமுறை நனைத்து உலர்த்திவிடுங்கள். இல்லையெனில் முதல் சலவையில் துணி சுருங்கி, வேலைப்பாடு மேடு தட்டும். வளையத்தில் மாட்டியபின் பாவு (நீளவாட்டு இழை), ஊடு (குறுக்குவாட்டு இழை) ஆகிய இரண்டு திசைகளில் மட்டும் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். மூலைவாட்டில் இழுத்தால் துணியில் வரைந்த வட்டம் முட்டை வடிவமாகிவிடும். விரலால் தட்டினால் பறை போல ஒலிக்கும் அளவுக்குத் துணி விறைப்பாக இருக்கட்டும். அன்றைய வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றி வைத்தால் தடம் பதியாது.

நூலைப் பொறுத்தவரை, விரல் நுனியிலிருந்து முழங்கையைச் சற்றே தாண்டும் நீளம், அதாவது ஏறத்தாழ 45 செ.மீ., போதும். நீளமான நூல் ஒவ்வொரு முறையும் துணிக்குள் உரசிச் சென்று பஞ்சு கிளம்பிப் பொலிவிழக்கிறது. ஆறு பிரிகளையும் ஒன்றாகக் கோக்காமல், ஒரு பிரியை மட்டும் நுனியில் பிடித்து நேராக மேலே உருவுங்கள். மற்றவை கீழே சுருண்டு நின்று, பிரி வெளியே வந்தவுடன் தாமாகவே நேராகிவிடும். இப்படித் தனித்தனியாக உருவிய இரண்டு பிரிகளை மறுபடி சேர்த்துக் கோத்துப் பாருங்கள், சாட்டின் தையல் படியும் அழகே வேறு. முறுக்கு ஏறியதாகத் தோன்றினால், வளையத்தைக் கவிழ்த்து ஊசியைத் தொங்கவிடுங்கள். அது தானாகச் சுழன்று நின்றுவிடும்.

மறுமொழி 2

ஓரம் பல்லுப் பல்லாக வருவதற்கு ஒரு வழி சொல்கிறேன். இதழின் கோட்டின்மேல் முதலில் பிளவுத் தையலால், அதாவது முந்தைய தையலின் நூலையே நடுவில் பிளந்து ஊசி மேலேறும் தையலால், வரம்பு கட்டிவிடுங்கள். பிறகு சாட்டின் தையலை அந்த வரம்புக்குச் சற்றே வெளிப்பக்கமாக இறக்கினால், உள்ளே மறைந்திருக்கும் வரம்பு ஓரத்தைத் தூக்கிப் பிடிக்கும். இதழின் ஒரு முனையிலிருந்து தொடங்காமல், நடுவில் ஒரு தையலிட்டு, அங்கிருந்து ஒரு பாதியை முடித்துவிட்டு மறுபாதிக்கு வருவதே நல்லது. சாய்வு மாறாமல் இருப்பதற்கு அந்த நடுத் தையல்தான் வழிகாட்டி. ஊசி எண் கூடக் கூட மெலியும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு பிரிக்கு 7 முதல் 9 வரையிலான எம்பிராய்டரி ஊசி பொருந்தும்.

மறுமொழி 3

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனாலும் சாட்டின் தையலைச் சில வாரங்கள் தள்ளிவைப்பதே என் ஆலோசனை. பார்வைக்கு எளிதாகத் தோன்றினாலும் சிறு பிழையையும் மறைக்காத தையல் அது. அதற்குமுன் காம்புத் தையலில், அதாவது பூக்காம்பு போன்ற கோடுகளுக்குப் போடும் கயிறு போன்ற தையலில், நூலை எப்போதும் ஊசியின் ஒரே பக்கத்தில் வைத்து, வளைவுகளில் தையலைச் சிறிதாக்கிப் பழகினால் இழுவை சீராகும். இன்னொன்று: நீரில் கரையும் பேனாவால் வரைந்திருந்தால், கோடுகளை அலசி நீக்கும்வரை இஸ்திரி போடவே கூடாது, சூடு பட்டால் மை நிலைத்துவிடக்கூடும். நான் ஒரு மேசை விரிப்பை அப்படித்தான் இழந்தேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு பருத்தித் துணியில், இரண்டு பிரியில், வரம்பு கட்டி ஒரே ஓர் இதழ் மட்டும் போட்டேன். வளையத்தைக் கழற்றியபின்பும் துணி சமமாகவே இருக்கிறது. இடப்பக்க ஓரம் இன்னும் சற்று நெளிகிறது. காம்புத் தையலை முடித்துக்கொண்டு அதற்குத் திரும்புகிறேன்.