புதுப்பிப்பு: டேப் டிரைவ் படிக்கத் தொடங்கிவிட்டது

பழைய லினக்ஸ் கணினியில் டிடிஎஸ்-3 டேப்பை (தரவைச் சேமிக்கும் காந்த நாடா கேசட்) டார் (கோப்புகளை ஒன்றாகக் கட்டவும் பிரிக்கவும் உதவும் நிரல்) கொண்டு பிரித்தால் "நினைவகம் ஒதுக்க முடியவில்லை" என்று நின்றுவிடுகிறது, ராம் போதவில்லையா, டிரைவ் போய்விட்டதா என்று கேட்டிருந்தேன்.

இரண்டும் இல்லை. கிளீனிங் கேசட் போட்டாயிற்று, டிரைவைக் கணினியோடு இணைக்கும் ஸ்கஸி கேபிளின் கடைசியில் டெர்மினேட்டரும் (சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் முனை) ஒழுங்காக இருக்கிறது, பிழை அப்படியே. சிக்கல் பிளாக் அளவில், அதாவது டேப்பில் ஒரே தடவையில் எழுதப்பட்ட துண்டின் அளவில். டார் வழக்கமாக 10 கேபி இடம்தான் ஒதுக்குகிறது. டேப்பில் இருப்பதோ அதைவிடப் பெரிய பிளாக். அது அடங்காததைத்தான் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) நினைவகப் பிழை என்கிறது. ராமை மாற்றியிருந்தால் காசுதான் தண்டம்.

டேப் டிரைவை இயக்கும் எம்டி கட்டளையில் செட்பிளாக் 0 கொடுத்து அளவை மாறக்கூடியதாக்கினேன். அப்புறம் தரவை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையில் பிஎஸ்=256கே, கவுன்ட்=1 (ஒரு தடவைக்கு 256 கேபி வரை, ஒரே தடவை) என்று ஒரே ஒரு பிளாக்கைக் கோப்பில் இறக்கினேன். கோப்பின் அளவு 65536 பைட், அதாவது 64 கேபி. டார் 512 பைட் கணக்கில் எண்ணுவதால், பிளாக் அளவைச் சொல்லும் அதன் 'பி' விருப்பத்துக்கு 65536/512 = 128. டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு ஓட்டியதும் கோப்புப் பெயர்கள் திரையில் மளமளவென்று ஓடின.

இன்னொரு டேப் பாதியில் உள்ளீட்டுப் பிழை தருகிறது. அதன் பிளாக் அளவு சரிதான், நாடாவே சுருங்கியிருக்கிறது. அதைத் தனியாகக் கேட்கிறேன்.