திருகோணமலையில் தனியாக இருக்க வாடகை வீடு: உப்புவெளியா, டவுனா?

புதுத்திறப்பு
மணமுறிவுக்குப் பிறகு தனியாக வீடு எடுக்கிறேன். கார்த்திகைக்குள் மாற வேண்டும். வேலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், சில நாள் இரவு எட்டு மணியாகும். வாகனம் இல்லை. இரண்டு இடம் பார்த்திருக்கிறேன். உப்புவெளியில் தனி அனெக்ஸ், கடற்கரைக்குக் கிட்ட, வாடகை குறைவு, ஒரு வருட முற்பணம் கேட்கிறார்கள். டவுனில் ஒரு மேல்மாடி, கீழே வீட்டுச் சொந்தக்காரர் குடும்பம், வாடகை கூட, கரண்ட் மீற்றர் ஒன்றுதான். எதை எதைப் பார்த்து முடிவெடுப்பது? உவர்மலை, பாலையூற்றுப் பக்கமும் தேடலாமா?

கச்சான்காத்து
தங்கச்சி, உப்புவெளியில் கார்த்திகையில் வாடகை ஏன் இறங்குகிறது என்று முதலில் பாருங்கோ. கிழக்குக் கரையில் உல்லாசப் பயணிகள் வருவது சித்திரைக்குப் பிறகு, புரட்டாதி வரைக்கும். மாரியில் கடல் கொந்தளிக்கும், அறைகள் சும்மா கிடக்கும். அந்த நேரம் ஆள் இருந்தால் போதும் என்று குறைத்துக் கொடுப்பார்கள். சித்திரை வந்ததும் ஒரு மாத வாடகையை நாலு நாளில் எடுக்கலாம் என்ற கணக்கு வரும். அதனால் நேராகவே கேளுங்கோ: "சித்திரையிலிருந்து இந்த அனெக்ஸைப் பயணிகளுக்குக் கொடுப்பீங்களா?" பதில் இழுபட்டால் ஒரு வருடக் காசைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது போக்குவரத்து. உப்புவெளிக்குப் போகிற நிலாவெளி வீதியில் பகலில் பஸ் இருக்கு, எட்டு மணிக்குப் பிறகு ஓட்டோதான். வாடகை வித்தியாசம் 6,000 ரூபாய், இரவு ஓட்டோ 700 ரூபாய் என்று வைத்தால், மாதம் ஒன்பது இரவிலேயே அந்த லாபம் கரைந்துவிடும். உங்கட சரியான தொகைகளைப் போட்டுப் பாருங்கோ. பஸ் இறங்கும் இடத்திலிருந்து கேற்று வரைக்கும் ஒருமுறை இரவு எட்டரைக்கு, மழை நாளில் நடந்து பாருங்கோ. தெரு லைற், நாய்கள், தண்ணி நிற்கிற இடம் எல்லாம் அப்பதான் தெரியும்.

உவர்மலை மேட்டு நிலம், வெள்ளம் நிற்காது. ஆனால் உயரத்தில் குழாய்த் தண்ணி அழுத்தம் குறையலாம், தாங்கி இருக்கா என்று பார்க்க வேணும். பாலையூற்று வாகனம் இல்லாதவருக்குக் கொஞ்சம் தள்ளி.

உறுதிக்காரன்
ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன் எழுதப்பட வேண்டும். கடையில் வாங்கிய படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு வருடம் என்று எழுதினால், பிரச்சினை வரும்போது அந்த ஒரு வருடம் நிற்காது. ஒரு வருட முற்பணம் கொடுப்பவர் நொத்தாரிசுச் செலவைப் பார்க்கக் கூடாது.

முற்பணம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மாதா மாதம் வாடகையில் கழிவது ஒன்று, வீடு விடும்போது முழுதாகத் திரும்புவது மற்றது. எது என்பதை எழுத்தில் வையுங்கள். இடையில் விட்டால் மிச்சம் எத்தனை நாளில் திரும்பும், இரு தரப்பும் எத்தனை மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதும் வேண்டும். புதிதாகத் தனியே தொடங்கும்போது கையில் மூன்று மாதச் செலவாவது மிஞ்ச வேண்டும். முழுக் காசையும் முற்பணத்தில் போட்டால், வீடு ஒத்துவராவிட்டாலும் நகர முடியாது. ஆறு மாதம் கழிவு முறையில் பேசிப் பாருங்கள்.

கொடுப்பவர்தான் சொந்தக்காரரா என்று அடையாள அட்டையோடும் சோலைவரி (சபைக்குக் கட்டும் வீட்டு வரி) ரசீதோடும் ஒப்பிடுங்கள். நீதிமன்றத்தில் மணமுறிவு வழக்கு இன்னும் முடியாவிட்டால், மாறும் வாரமே புதிய விலாசத்தை உங்கள் சட்டத்தரணிக்குக் கொடுங்கள். கடிதங்கள் பழைய வீட்டுக்குப் போனால் திகதி தவறும்.

மீற்றர்வாசி
மேல்மாடி பற்றி. ஒரு மீற்றரில் இரண்டு குடும்பம் என்றால் கவனம் வேணும். வீட்டுப் பாவனைக்கு மாதம் 60 அலகு வரை ஒரு கட்டணப் பட்டியல், 60ஐத் தாண்டினால் வேறு பட்டியல். நீங்க 45, கீழே 100 என்றால் மொத்தம் 145. தனி மீற்றரில் 45க்கு வரும் விலை உங்களுக்குக் கிடைக்காது. கீழ்வீட்டுக்காரரோடு சேர்ந்து கூடின விலைதான் கட்டுவீங்க. துணை மீற்றர் போட்டாலும் அலகு விலை குறையாது, பங்கு மட்டும் சரியாகப் பிரியும்: மொத்த பில்லை 145ஆல் பிரித்து 45ஆல் பெருக்குங்க. "ஆளுக்குப் பாதி" என்றால் மறுத்துவிடுங்க.

பார்க்கப் போகும்போது, மீற்றர் ஒன்று என்பதால் கீழ்வீட்டிலும் சொல்லி எல்லா சுவிச்சையும் நிறுத்துங்க. மீற்றர் அப்பவும் ஓடினால் கசிவு இருக்கு, அல்லது வேறு இடத்துக்கு லைன் போகுது. கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற ரிப் சுவிச்சில் சின்னப் பொத்தான் இருக்கும், அமத்தினால் கரண்ட் டக்கென்று நிற்கணும். நிற்காவிட்டால் அதை மாற்றித் தந்த பிறகே குடிபோகணும், ஈரச் சுவரில் அது உயிர்ப் பிரச்சினை. தண்ணி மீற்றரும் அப்படித்தான், எல்லாப் பைப்பையும் பூட்டிய பிறகு உள்ளே சின்னச் சக்கரம் சுத்தக் கூடாது.

கடற்கரை வீட்டில் சுவரின் கீழ் இரண்டு மூன்று அடியைக் கையால் தடவுங்க. பெயின்ற் கொப்பளித்து, வெள்ளைத் தூள் விரலில் ஒட்டினால் உப்பு பூத்த சுவர். அலுமாரியை ஒட்டி வைத்தால் உடுப்பு பூஞ்சணம் பிடிக்கும். யன்னல் கிறிலை ஆட்டிப் பாருங்க, அடியில் துரு தின்றிருந்தால் பூட்டு இருந்தும் பிரயோசனமில்லை. கிணத்துத் தண்ணியில் சவர்க்காரம் நுரைக்காவிட்டால் குளிக்கவே கஷ்டம்.

மேல்மாடியில் சூடுதான் பெரிய குறை. வைகாசி தொடக்கம் கச்சான் என்கிற சூட்டுக் காத்து அடிக்கும், மேற்குப் பார்த்த அறை பின்னேரம் அடுப்பு மாதிரி இருக்கும். படுக்கிற அறை எந்தப் பக்கம் என்று பாருங்க, மூன்று மணிக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பாருங்க.

சம்பூர்மகள்
அக்கா, தனியாக இருக்கிற பெண்ணுக்கு இன்னும் இரண்டு விஷயம். படிக்கட்டும் கேற்றும் தனியாக இருக்கா, கேற்றுத் திறப்பு உங்களுக்கு ஒன்று தருவாங்களா? சொந்தக்காரர் வீட்டு விறாந்தைக்குள்ளால் போய்வர வேணும் என்றால் எடுக்காதீங்க. யார் வருவாங்க, எத்தனை மணிக்கு வருவீங்க என்று முதல் நாளே சொல்லிவிடுங்க: "அம்மா மாதத்தில் ஒரு கிழமை நிப்பா, எனக்கு எட்டு மணியாகும்." பிறகு சொன்னால்தான் கதை வளரும். குடிபோன அன்றே கதவுப் பூட்டை மாற்றுங்க, பழைய திறப்பு எத்தனை பேரிடம் இருக்கு என்று யாருக்கும் தெரியாது.

காஸ் 12.5 கிலோ வேண்டாம். ஒரு ஆளுக்கு 5 கிலோ போதும், படியில் தூக்கவும் இலகு.

புதுத்திறப்பு
எல்லாருக்கும் நன்றி. உப்புவெளிக்காரரிடம் கேட்டேன், "சித்திரையில் பாப்பம்" என்றார். டவுன் வீட்டில் துணை மீற்றர் போட ஒத்துக்கொண்டார்கள், படி வெளியால்தான். அறை கிழக்குப் பார்த்தது. ஆறு மாத முற்பணம், கழிவு முறை.

கச்சான்காத்து
அப்ப டவுனையே எடுங்கோ. துணை மீற்றர் பூட்டிய அன்று இரண்டு மீற்றரின்ர வாசிப்பையும் ஒப்பந்தத்தில் எழுதி, படமெடுத்து இரண்டு பேரும் வைத்திருங்கோ. கிராம சேவகரிடம் பதிவதை முதல் கிழமையே முடியுங்கோ, வதிவிடச் சான்று கேட்கும்போது அலைய வேண்டியதில்லை. பூச்சட்டி வைக்கிறதென்றால் மேல்படியில் வையுங்கோ. கோட்டைப் பக்கத்து மான்கள் டவுனுக்குள்ளும் வரும், கீழே வைத்த செடியை மிச்சம் விடாது.